மருந்து கெட்டிக்கும் நேரம்

இரத்தினபுரி என்றதும் நேயர்களின் மனக்கண்முன் மாணிக்கக் கற்களே மின்னும். அம்மாவட்டம் இரும்புக்கும் உரியது என்பதைப் பலர் அறியார். பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவாவி நீர்த்தேக்கம் பரவியுள்ள மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களை 1990களில் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்து ஆராய்ந்தார். அவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அத்தகைய கருமார் மரபுள்ள தீவில், 1505இல் பறங்கியர் வந்தபின், துவக்குத் தொழில் விரைந்து வேரூன்றியதில் வியப்பில்லை. 1596இல் வெளியான தம் நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோதன், இத்தீவினர் செய்த துவக்குக் குழல்களை வியந்து பாராட்டியிருக்கிறார். (துவக்கு என்பது நம் வழக்கு; தமிழகத்தார் துப்பாக்கி என்பர். இரண்டும் ஒரு துருக்கியச் சொல்லின் பிள்ளைகளே.)

அது திரித்துவக்கு. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பக்கத்துக் கிண்ணியில் சிறிது மருந்து தூவி, வெடியுப்பில் ஊறிய திரியைக் கனலவிட வேண்டும். தேர்ந்த கைக்கும் இதற்கு அரை நிமிடம் பிடிக்கும். ஓசையின்றிக் கெட்டித்தாலும் பயனென்ன? திரியின் மணமும், இருளில் அதன் கனலும், மறைந்திருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றிலும் பெரிய பகை மழை. மெனிக்கடவரையில் பாளையமும் இரத்தினபுரியில் கோட்டையும் வைத்திருந்த பறங்கியர், 1630 ஆகஸ்டில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் தலைமையில் ஊவாமீது படையெடுத்து, பதுளையை எரித்துத் திரும்பினர். வழியில் றந்தெனிவெலையில் கண்டிப்படை வளைத்துக்கொண்டது. உடன்வந்த சிங்களப் படைவீரர் பெருந்தொகையாகக் கட்சி மாறினர். பின்னர் பெருமழை கொட்டியது, மருந்து நனைந்தது. டி சா மாண்டார். ஆயுத பலத்தை மட்டும் எண்ணிப் போர்க்கதை சொல்வோர் அந்த மழையையும் எண்ணுதல் நன்று.

இருபதாம் நூற்றாண்டில் அந்த அரை நிமிடமே மறைந்தது. அமெரிக்கப் படை 1936இல் ஏற்ற கரண்ட் துவக்கில், ஒரு குண்டு பாயும்போது எழும் வாயுவே வெற்றுத்தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றியது. எட்டுத் தோட்டாக்கள், விசையை எட்டு முறை இழுத்தால் போதும். அவ்வகை ஆயுதத்தின் காலத்தில்தான், 1971 ஏப்ரலில், கேகாலை மாவட்டத்துக் கிளர்ச்சி இளைஞர்கள் வேட்டைத்துவக்கும் கையால் செய்த குண்டும் ஏந்திக் காவல் நிலையங்களைத் தாக்கினர். முடிவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் வாய்வழி மருந்திடும் பழைய துவக்கு சப்பிரகமுவையை விட்டு நீங்கிவிடவில்லை. காட்டுப்பன்றிக்கென இரகசியமாக வைக்கப்படும் கட்டுத்துவக்கு அதன் வழித்தோன்றலே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் உரிமமற்ற துவக்கைக் குற்றமாக்கியது. காடோ சட்டப் புத்தகம் படிப்பதில்லை! திரியின் மணம் இதில் இல்லை, கனலும் இல்லை, பிடித்து நிற்கும் ஆளும் இல்லை. மருந்திட்டவன் வீட்டில் உறங்க, துவக்கு மட்டும் புதரில் விழித்திருக்கும். அதன் கம்பிக்குப் பன்றியின் கால் எது, விடியுமுன் இரப்பர்ப் பால்வெட்டச் செல்லும் தொழிலாளியின் கால் எது என்று தெரியாது.