குதிரை வாங்கிய நாடும் குதிரை வளர்த்த நாடும்

காஹாங் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர், காவல் தெய்வத்தின் சந்நிதியில் நிற்கும் குதிரையை நன்கறிவர். அவ்வுருவம் நம் வழிபாட்டில் வேரூன்றியதெனினும், உயிர்க்குதிரை பெரும்பாலும் தமிழகத்திற்குக் கடல்வழியே வந்ததாகும்.

புகார்த் துறையில் புரவிகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் அமைச்சரிடம் பொன் கொடுத்தனுப்பியதை மாணிக்கவாசகர் வரலாறு கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வாங்கப்பட்டதாகவும், அவற்றுள் மிகச் சிலவே எஞ்சியதாகவும் எழுதினார். தட்பவெப்பத்தோடு பராமரிப்பு அறியாமையையும் அவர் காரணமாகக் காட்டினார். பரிவைத்தியர் எவரும் இங்கு வாராதபடி வணிகர் தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. குதிரை விற்பனைக்கு வந்தது, குதிரையறிவு வரவில்லை.

இங்கிலாந்திலோ 1791ஆம் ஆண்டு வெதர்பி குடும்பத்தார் பந்தயக் குதிரைகளின் பரம்பரைப் பதிவேட்டை அச்சிட்டனர். இன்றைய தரோபிரெட் குதிரைகளின் தந்தைவழி மூன்றே பொலிகுதிரைகளில் சென்று முடிகிறது. அம்மூன்றும் கீழைநாடுகளிலிருந்து சென்றவை. இன்ன குதிரைக்கு இன்ன குட்டி என்று எழுதி வைத்தமையால் அவற்றின் வழி இன்றும் அறியப்படுகிறது.

இந்தியாவில் இப்பாடத்தை மார்வாரி இனம் தாமதமாகக் கற்பித்தது. உள்நோக்கி வளைந்த செவிகளையுடைய இவ்வினத்தை ஜோத்பூர் மன்னர் உம்மேத் சிங் பேணினார். 1950களில் நிலவுடைமை மாறியபின், பராமரிக்க இயலாத நிலையில் பல குதிரைகள் சுமை சுமக்க விற்கப்பட்டன, பல காயடிக்கப்பட்டன, சில கொல்லப்பட்டன. 1999இல் இந்திய நாட்டுக்குதிரைச் சங்கம் தோன்றியது. பதிவேட்டுத் திட்டம் 2007இல் அறிவிக்கப்பட்டு, 2009இல் மார்வாரிக் குதிரைச் சங்கத்தின் பதிவுப்பணி தொடங்கியது. ஒவ்வொரு குதிரையையும் இனத்தின் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, அங்க அளவுகளையும் அடையாளக் குறிகளையும் எழுதி, பதிவெண்ணைக் குளிர்முத்திரையாகப் பொறித்து, நிழற்படமும் எடுப்பர்.

இவ்வதிகாரம் ஏன் பொதுச் சங்கத்திடம் இருத்தல் வேண்டும்? விற்பவனே சான்றளிப்பின் ஒவ்வொருவன் குதிரையும் தூய குதிரையாகிவிடும். ஆகவே அளவுகோல் ஒன்றாகவும், ஏடு பொதுவாகவும், நடுவர் விலையில் பங்கற்றவராகவும் இருத்தல் வேண்டும். பொன்னிருந்தும் பாண்டியர் குதிரை வாங்குவோராகவே நின்றனர். மன்னர் ஒருவரின் பேணல் அவர் காலத்தோடு தளரக்கூடும். பலர் கூடிக் காக்கும் ஏடே தலைமுறை கடந்து நிற்கும்.