கிராஃபோர்டு சந்தையின் கூண்டுகள்: அயல்நாட்டுப் பறவைகளின் நலனும் சட்டமும்

மும்பையின் கிராஃபோர்டு சந்தை 1869-இல் திறக்கப்பட்டது. நகரின் முதல் மாநகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டின் பெயரைத் தாங்கியிருந்த அது இன்று மகாத்மா ஜோதிபா புலே மண்டி. காய்கனிக் கடைகளைத் தாண்டினால் வளர்ப்புப் பிராணிக் கடைகள் இருக்கின்றன. கூண்டுப் பறவை வாங்குவோர் தலைமுறைகளாகப் போய்வரும் இடம் அது. அந்தக் கூண்டுகளில் எந்தப் பறவை மறைந்தது, அதன் இடத்துக்கு எது வந்தது என்று பார்த்தால் இந்தியாவில் பறவை நலச் சிந்தனை வளர்ந்த வழி விளங்கும். அது எங்கே நின்றுவிட்டது என்பதும் விளங்கும்.

பிராணிகளுக்கு இரங்குவது இந்நகருக்குப் புதிதல்ல. தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து 1832-இல் இங்கே கலவரமே நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1834-இல் பிஞ்சராபோல் என்ற பிராணிகள் காப்பகம் எழுந்தது. பிராணிவதைத் தடுப்புச் சங்கம் 1874-இல் தொடங்கியது. ஆனால் அக்கால இரக்கம் வண்டிமாட்டையும் குதிரையையுமே சுற்றி வந்தது. பறவைகளுக்கென 1887-இல் வந்த சட்டம், குறிப்பிட்ட காட்டுப் பறவைகளை இனப்பெருக்கக் காலத்தில் பிடித்து விற்பதை மட்டும் தடுத்தது. 1902-இல் இறகு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. கூண்டுக்குள் உயிரோடு இருந்த பறவையை இவை எட்டவில்லை.

அன்று கூண்டுகளில் இருந்தவை பெரும்பாலும் உள்நாட்டுப் பறவைகள்: பச்சைக்கிளி, மலை மைனா, சில்லை. சிவப்புச் சில்லையின் ஆங்கிலப் பெயரே அகமதாபாத் என்ற ஊர்ப்பெயரின் திரிபுதான். அந்த ஊர் வழியாக அது ஐரோப்பாவுக்கு விற்பனைக்குப் போனது. கண்ணைக் கவர்வதற்காகச் சில்லைகளுக்குச் சாயம் பூசி விற்கும் வழக்கமும் இருந்தது.

கூண்டைப் பற்றி முதலில் வெளிப்படையாகப் பேசியது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்து. 1962-இல் சென்னையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே தலைமை ஏற்றார். உடலை அசைக்கப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் எந்த உயிரை அடைத்தாலும் குற்றம் என்றது சட்டம். உள்நாடு, வெளிநாடு என்ற பாகுபாடு அதில் இல்லை. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.

பாகுபாடு பிறகுதான் வந்தது. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்திய இனங்களைக் காப்பதற்காக எழுதப்பட்டது. 1991-இல் செய்த திருத்தத்தோடு இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதுவரை உயிருள்ள பறவைகளைப் பெருமளவில் ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. இந்தத் தடை மகத்தானது. ஆனால் கடைக்காரர் கடையை மூடவில்லை. கிளியும் சில்லையும் மறைவாக விற்கப்பட்டன. முன்வரிசைக் கூண்டுகளில் ஆஸ்திரேலிய பட்ஜெரிகர், காக்கட்டீல், ஃபிஞ்ச், ஆப்பிரிக்க லவ்பேர்ட்ஸ், வசதியுள்ளோருக்குச் சாம்பல்கிளி, மக்கா எல்லாம் இடம்பிடித்தன. பட்ஜெரிகரைத்தான் தமிழர் வீடுகளில் ‘லவ்பேர்ட்ஸ்’ என்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியது ஆப்பிரிக்காவின் வேறொரு கிளியினம்.

இப்பறவைகள் படும் பாடு வெளியே எளிதில் தெரியாது. வறண்ட ஆஸ்திரேலிய உள்நாட்டில் நீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டமாக நெடுந்தொலைவு பறக்கும் பட்ஜெரிகர், கடையில் ஒரு கம்பிப் பெட்டிக்குள் பல பறவைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவை நோயை மறைக்கும் இயல்புடையது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கும்போது காலம் கடந்திருக்கும். வெறும் தானியத்தையோ சூரியகாந்தி விதையையோ தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், ஈரல் கொழுக்கும். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய சாம்பல்கிளி தனிமையில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். வாங்கிய பறவை சில நாளில் செத்தால் குழந்தையின் அழுகையை அடக்க இன்னொன்று வாங்கப்படுகிறது. ஏன் செத்தது என்று கேட்பார் இல்லை.

நீதிமன்றங்கள் இந்த இடத்தைத் தொட்டன. 2011-இல் குஜராத் உயர் நீதிமன்றமும் 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் பறவைக்குப் பறக்கும் உரிமை உண்டு என்ற நிலையை எடுத்தன. உயர்ந்த எண்ணம்தான்; ஆனால் கூண்டில் பிறந்த பட்ஜெரிகரை மும்பை வானில் திறந்துவிட்டால் அது காகத்துக்கோ பசிக்கோ பலியாகும். அயல்நாட்டுப் பறவைக்கு முதலில் வேண்டியது நல்ல கூண்டும் பொறுப்பான பராமரிப்பும்.

2018-இல் வெளியான வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள் அதற்கு வழி செய்தன: கடையை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், போதிய இடம் தர வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்கலாம் என்று 2020-இல் மத்திய அரசு வாய்ப்பளித்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்களிலுள்ள அயல்நாட்டு இனங்களையும் அச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024-இல் பதிவு விதிகளும் வந்தன. 2016-இல் சைட்டிஸின் முதல் பட்டியலுக்கு ஏறிய சாம்பல்கிளி இதனால் கணக்கில் வருகிறது.

பட்ஜெரிகரும் காக்கட்டீலும் செம்முக லவ்பேர்டும் அப்பட்டியல்களில் இல்லை. அழிந்துபோகும் அச்சம் இல்லாததால் அவை விலக்கப்பட்டவை. மாட்டுங்கா, செம்பூர் பால்கனிகளிலும் தாராவியின் ஒற்றையறை வீடுகளிலும் வளரக்கூடிய மலிவான பறவைகள் இவைதான். இனம் அருகிவருகிறதா என்று கேட்கும் சட்டம், இந்தப் பறவை நலமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்பவை 2018-இன் விதிகளும் 1960-இன் சட்டமும் மட்டுமே. விதிகளைக் கடைதோறும் நடைமுறைப்படுத்துவது மாநில வாரியத்தின் கடமை. அந்தப் 10 ரூபாய் அபராதத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கடமை.