இங்கினியாகலை நீரும் மகாஓயா வெப்பமும்

நிந்தவூருக்குக் கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வெளி. அவ்வயல்களில் வேளாண்மை செய்தோர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய நதியைத்தான் அரசாங்கப் பத்திரங்கள் கல்லோயா என்று குறித்தன. பதுளைப் பக்கத்து மலைகளிற் பிறந்து, ஏறத்தாழ 67 மைல் ஓடி, கல்முனைக்குத் தெற்கே 10 மைலளவில் அது கடலைச் சேர்கிறது. மாரியில் வயலும் வரம்பும் தெரியாமற் பெருகும். கோடையில் மணல் தெரிய வற்றும். அதனை மறித்து நீரைத் தேக்கவேண்டும் என்ற எண்ணம் வயலை முன்னிட்டே எழுந்தது. மின்சாரம் அதன் பின்னே வந்தது.

மின்சாரத்துக்கென்றே நீரை நாடியவர் வேறொருவர். டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் எஞ்சினியர், மலையருவிகளின் ஆற்றலை மின்சாரமாக்குதல் நாட்டுக்கு இலாபகரமானது என்று 1918ஆம் ஆண்டில் இலங்கை எஞ்சினியர் சங்கத்தில் ஒரு கட்டுரை மூலம் எடுத்துரைத்தார். காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு 1902 முதலே மின்சாரம் சென்றுகொண்டிருந்தது. ஆகவே அவர் கூறியது வெறுங் கனவன்று. எனினும் 1924இல் தொடங்கிய வேலை இடையில் நின்றது. லக்சபான மின்நிலையம் இயங்கியது 1950இலேதான். விமலசுரேந்திரா 1953இல் மறைந்தார். தமது கணக்குப் பிழையன்று என்பதை வாழ்நாளின் இறுதியிலாவது கண்டார்.

கல்லோயாவின் கதை அத்தனை காலம் இழுபடவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. மொரிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனியார் அவ்வாண்டிலேயே இங்கினியாகலையில் அணைகட்டத் தொடங்கி, 1951இல் முடித்தனர். ஏறக்குறைய 140 அடி உயரமும் 3,600 அடி நீளமும் கொண்ட அவ்வணையின் பின்னே, 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் விரிந்தது. அணையின் அடியிலே நீர்ச்சுழலிகளும் மின்பிறப்பாக்கிகளும் பொருத்தப்பட்டன. அவற்றின் மொத்த ஆற்றல் சுமார் 11,000 கிலோவாற்று.

நீர்மின்சாரத்தின் கணக்கு எளிது. எவ்வளவு நீர் விழுகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்னும் இரண்டையும் பெருக்கிக் காணவேண்டும். லக்சபானவில் நீர் ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி இறங்குவதால், சிறிதளவு நீரே பெருவேலை செய்கிறது. இங்கினியாகலையில் உயரம் குறைவு. ஆகவே நீர் மிகுதியாக வேண்டும். ஆனால் அந்நீர் வயலுக்குரியது. மின்சாரத்துக்காக மட்டும் அதைத் திறந்துவிட்டால், விதைப்புக் காலத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். ஆதலின் பாசனத்துக்கு நீர் விடும்போதே சுழலியும் சுழலும் என்பது அங்கே நடைமுறையாயிற்று. ஒரே நீர் முதலில் சக்கரத்தைச் சுழற்றிப் பின்னர் நெல்லை விளைவிக்கிறது. வயலுக்கு முதலிடம் கொடுத்த இந்த ஒழுங்கு நியாயமானதே.

வயலுக்கென்று விட்ட நீரும் எல்லா வயலையும் எட்டியதா என்பது வேறு கேள்வி. தலைமடையிலுள்ளோர் எடுத்தது போக எஞ்சியதே கடைக்கோடி வயலுக்கு. இடதுகரை வாய்க்கால்களில் இக்குறை முற்றிய பின்னரே, 1979 அளவில் அவற்றைத் திருத்தும் திட்டம் தொடங்கியது. 1981 முதல் நீரைப் பங்கிட்டுக்கொள்ளக் கமக்காரர் குழுக்கள் அமைக்கப்பட்டன. குடியேற்றமும் அணையோடு வந்தது. 1956 ஜூனில் அப்பகுதியில் மூண்ட இனக்கலவரம் பல உயிர்களைக் கொண்டது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்று அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது.

அணையின் மின்சாரம் மழையை நம்பியது. மழை பொய்த்த ஆண்டிலும் ஆறாத வெப்பம் அதே மாவட்டத்தின் மகாஓயாவில் உண்டு. அங்குள்ள வெந்நீரூற்றுகளின் வெப்பநிலை 55 பாகை செல்சியஸ் அளவை எட்டுகிறது. இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீள்கிறது. மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இத்தகைய ஊற்றுகள் பல அமைந்துள்ளன.

பூமியின் வெப்பத்தால் மின்குமிழ் எரித்த முதல் இடம் இத்தாலியிலுள்ள லார்தெரெல்லோ. 1904இல் அங்கே ஐந்து குமிழ்கள் எரிந்தன. 1913இல் மின்நிலையமே எழுந்தது. ஆனால் அங்கு நிலத்திலிருந்து வருவது நீராவி. வெறும் வெந்நீர் மட்டுமே கிடைக்குமிடத்தில், குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் வேறொரு திரவத்தை அந்நீரால் ஆவியாக்கிச் சுழலியைச் சுழற்றுவர். அலாஸ்காவின் சேனா ஊற்றில் 2006 முதல் 74 பாகை நீரைக் கொண்டே இவ்வாறு செய்கின்றனர். அங்கே ஆவியை மீண்டும் திரவமாக்க உறைபனிக்கு அண்மையான குளிர்நீர் அருகிலேயே கிடைக்கிறது. அம்பாறையின் வெயிலில் அந்த வசதி இல்லை. ஆகவே ஆழத் துளையிட்டு இன்னும் சூடான நீரைக் கண்டாலன்றி மகாஓயாவிற் கணக்குச் சரிவராது. இலங்கையில் புவிவெப்ப மின்நிலையம் எதுவும் இன்னும் எழவில்லை. மகாஓயாவின் வெந்நீர் குளிப்போருக்கே பயன்படுகிறது. இங்கினியாகலையின் சுழலிகள், வயலுக்கு நீர் திறக்கும் நாளைப் பார்த்திருக்கின்றன.