நாற்பது மடங்கு

வேலையில் ஒரு எண் திடீரென்று நாற்பது மடங்கு ஏறினால், நான் முதலில் திறந்து பார்ப்பது எண்ணுகிற கோடைத்தான். யாரோ எங்கேயோ ஒரு நிபந்தனையைத் தளர்த்தியிருப்பார்கள்.

மனநல மருத்துவத்தின் வரலாற்றிலும் அப்படி ஒரு எண் இருக்கிறது. 1994-95இல் அமெரிக்காவில், 19 வயது வரையிலான ஒரு லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 25 மருத்துவச் சந்திப்புகளில்தான் ‘பைபோலார்’ என்று எழுதப்பட்டது. 2002-03இல் அது 1003. எட்டு வருஷத்தில் மரபணு மாறாது. அப்போ என்ன மாறியது?

பித்தெழுச்சியும் பெருஞ்சோர்வும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று வகுத்தவர் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின். அவருடைய தொள்ளாயிரத்துச் சொச்சம் நோயாளிகளில் பத்து வயதுக்கு முன்பே நோய் தொடங்கியவர்கள் ஆயிரத்துக்கு நாலு என்ற கணக்கில்தான் இருந்தார்கள். 1960இல் அந்தோணி, ஸ்காட் என்ற இருவர் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கறாரான அளவுகோலால் சலித்துப் பார்த்தார்கள். தேறியவை மிகச் சில. குழந்தைகளுக்கு இது வராது என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை இருந்தது. நிஜமாகவே மேனியா வந்த பதின்வயதினர் பலருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று சீட்டு எழுதினார்கள்.

திருப்பம் 1995இல், பாஸ்டனில் வந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜேனட் வோஸ்னியாக், ஜோசஃப் பீடர்மன் குழுவினர், சிகிச்சைக்கு வந்த 12 வயதுக்கு மேற்படாத 262 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 43 பேருக்கு, அதாவது 16 சதவீதத்தினருக்கு, மேனியா இருப்பதாகச் சொன்னார்கள்.

கோடு மாறிய இடம் இதுதான். அன்றைய அமெரிக்கக் கையேட்டின்படி மேனியா என்பது குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும், மற்ற நாட்களிலிருந்து தனித்துத் தெரிகிற ஒரு காலகட்டம். அதில் மனநிலை பொங்கி எழலாம், அல்லது எரிச்சலாக இருக்கலாம். பாஸ்டன் குழு அந்த ‘அல்லது’வைப் பிடித்துக்கொண்டது. ‘தனித்துத் தெரிகிற’ என்பது தளர்ந்தது. வருஷம் முழுக்க வெடித்துக்கொண்டே இருக்கிற கோபக்காரக் குழந்தையும் உள்ளே வந்துவிட்டது.

அந்தக் குழந்தைகள் நடிக்கவில்லை. வீட்டில் சாமான்கள் உடைந்தன, பள்ளிகள் வெளியே அனுப்பின, அம்மாக்கள்மேல் வளர்ப்புக் குறை சுமத்தப்பட்டது. ஒரு பெயர் கிடைத்தபோது பலருக்கு மூச்சு வந்தது. 1999இல் பெற்றோருக்கான புத்தகம் வந்தது. 2002இல் டைம் இதழின் அட்டைக்கும் போனது.

பெயரோடு மருந்தும் வந்தது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் எடையையும் நீரிழிவு ஆபத்தையும் கூட்டும். அது 10 முதல் 17 வயதினரின் மேனியாவுக்கு 2007இல் அனுமதி பெற்றது. அதற்கும் சின்ன வயதிலேயே கொடுக்கப்பட்டும் வந்தது. 2008இல் செனட் விசாரணை, மருந்து நிறுவனங்களிடமிருந்து பீடர்மன் பெற்ற குறைந்தது 16 லட்சம் டாலரில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்று சொன்னது.

ஆனால் பணத்தை மட்டும் வைத்து இதை முடித்துவிட முடியாது. விடை குழந்தைகள் வளர்ந்த பிறகே தெரிந்தது. தேசிய மனநல நிறுவனத்தின் எலன் லைபன்லஃப்ட் 2003இல் இரண்டு கூட்டத்தையும் பிரித்தார்: வந்து வந்து போகிற மேனியா ஒரு பக்கம், ஓயாத எரிச்சல் மறுபக்கம். இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் பைபோலார் வரவில்லை. மனச்சோர்வும் பதற்றமும்தான் அதிகம் வந்தன. 2013இல் கையேடு அவர்களுக்குத் தனிப்பெயரே கொடுத்தது.

2000 முதல் 2010 வரை, சிறார்களுக்கு பைபோலார் என்று எழுதி மருத்துவமனையிலிருந்து அனுப்பிய விகிதம் இங்கிலாந்தைவிட அமெரிக்காவில் சுமார் 72 மடங்கு. கடல் தாண்டினால் நோய் அவ்வளவு மாறுமா என்ன?

நிஜமான பைபோலாரைத் தவறவிட்டால் ஒரு பதின்வயதுக்காரனின் உயிரே போகலாம். இல்லாததை இருப்பதாக எழுதினால் ஆறு வயதுக் குழந்தை பல வருஷம் மருந்தைச் சுமக்கும். நடுவில் இருப்பது ரொம்பச் சாதாரணமான கேள்விகள்தான்: “இது எப்போ ஆரம்பிச்சது? நடுவுல பழைய பிள்ளையா திரும்ப வர்றானா?” இதைக் கேட்டுப் பொறுமையாகப் பதில் வாங்க நேரம் வேண்டும். மருந்துச்சீட்டு எழுத அவ்வளவு நேரம் ஆகாது.