புழு போய் ஊர்ப்பெயர் வந்தது: மெஸ்கால் பற்றிச் சில குறிப்புகள்

மெஸ்கால் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தபோது எனக்குத் தெரிந்தது, பாட்டிலுக்குள் ஒரு புழு கிடக்கும் என்பது மட்டும்தான். ஏதோ ஆதிகாலத்துச் சடங்கு என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. 1950 வாக்கில் பாட்டிலில் அடைத்து விற்றவர்கள் கிளப்பிவிட்ட சங்கதி. ரொம்ப காலம் வெளியுலகத்துக்கு மெஸ்கால் என்றால் அந்தப் புழுதான். டெக்கிலாவின் மட்டமான தம்பி.

உண்மையில் உறவுமுறை தலைகீழ். நாவாட்ல் மொழியில் மெஷ்கல்லி என்றால் அடுப்பில் வெந்த கற்றாழை. நம்மூர் ரயில் பாதையோரம் நிற்கிறதே ஆனைக்கற்றாழை, அந்த அகாவே இனம்தான். அதுவும் மெக்சிகோ பக்கமிருந்து வந்ததுதான். மடலைச் சீவி எறிந்துவிட்டு, அன்னாசி மாதிரி இருக்கும் அடிப்பாகத்தைக் குழியில் சூடேறிய கற்கள்மேல் அடுக்கி, மண்ணால் மூடி நாள்கணக்கில் வேகவிடுவார்கள். புகைவாசம் அங்கேதான் ஏறுகிறது. பிறகு நசுக்கி, ஊறல் போட்டு, செம்பிலோ மண்பானையிலோ காய்ச்சுவது. இப்படிக் காய்ச்சியது எல்லாமே மெஸ்கால்தான். டெக்கிலா என்ற ஊரின் சரக்கும் ஒரு காலத்தில் அந்த ஊர் மெஸ்கால் என்றே விற்றது.

திருப்பம் 1990களில். 1994இல் மெக்சிகோ அரசு மெஸ்காலுக்குப் புவிசார் பெயர்க் காப்பு கொடுத்தது. 1995இல் ரான் கூப்பர் என்ற அமெரிக்கக் கலைஞர் டெல் மகேய் என்ற பெயரில் வியாபாரம் தொடங்கினார். அவர் செய்தது எளிய காரியம். வஹாகா மாநிலத்துக் கிராமங்களின் சரக்கைக் கலக்காமல், சிச்சிகாபா, சான் லூயிஸ் டெல் ரியோ என்று ஊர்ப்பெயரையே லேபிளில் போட்டார். ஒயின் குடிக்கிறவர்களுக்கு இந்த பாஷை சட்டென்று புரிந்தது. 2007இல் நியூயார்க் மதுக்கூடம் ஒன்றில் ஃபில் வார்டு டெக்கிலாவோடு மெஸ்காலைச் சேர்த்து ஒரு காக்டெயில் போட, மற்ற பார்களும் பிடித்துக்கொண்டன. 2011இல் சான்றிதழ் பெற்ற உற்பத்தி சுமார் 10 லட்சம் லிட்டர். 2022இல் 1.4 கோடி! பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2017இல் டெல் மகேயின் பெரும்பங்கை பெர்னோ ரிக்கார் வாங்கியது.

செடிக்கு இந்த அவசரமெல்லாம் தெரியாது. தோட்டத்தில் வளரும் எஸ்படின் முதிர 6 முதல் 8 வருஷம். காட்டுச்செடி டோபலாவுக்குப் பத்துக்கு மேல். வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும், பிறகு செத்துப்போகும். சர்க்கரை அடியில் தங்க வேண்டும் என்று பூந்தண்டை முன்கூட்டியே வெட்டிவிடுகிறார்கள். விதையும் போச்சு, தேன் தேடி வரும் வௌவாலுக்கு இரையும் போச்சு.

என்னை ரொம்ப உறுத்தியது பெயர் விவகாரம். காப்புப் பட்டியலில் இல்லாத பகுதிகளில், தலைமுறையாகக் காய்ச்சுகிறவர்கள்கூட மெஸ்கால் என்று எழுதி விற்க முடியாது. அவர்கள் இனி 'கோமில்' என்றுதான் போட வேண்டும் என 2015இல் ஒரு வரைவு விதி வந்தது. யாருக்கும் பழக்கமில்லாத சொல். எதிர்ப்பு கிளம்பியதில் அது கைவிடப்பட்டது. வஹாகாவிலேயே சிலர் சான்றிதழே வேண்டாம் என்று விலகி, 'அகாவே வடிப்பு' என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். உள்ளே இருப்பது அதே சரக்குதான்.