சுழல்தட்டின் மேல் ஒரு விரிப்பு: ரெக்கார்டு மேட்டின் வரலாறு

டர்ன்டேபிளின் சுழல்தட்டுக்கும் அதன் மேல் வைக்கும் ரெக்கார்டுக்கும் நடுவில் கிடப்பது மேட் எனப்படும் வட்ட விரிப்பு. சில மில்லிமீட்டர் கனமும் நடுவில் தண்டு நுழைய ஒரு துளையும்தான் அதன் அமைப்பு. ஆனாலும் நூறாண்டுக்கும் மேலாக ஃபெல்ட், ரப்பர், தக்கை, தோல், செம்பு என்று அது பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ரெக்கார்டு எதனால் ஆனது, முள் அதை எவ்வளவு பாரத்தோடு அழுத்தியது, தட்டைச் சுழற்றிய இயந்திரம் எப்படிப்பட்டது என்ற மூன்றைப் பொறுத்தே ஒவ்வொரு காலத்திலும் மேட் அமைந்தது.

அரக்கும் ஃபெல்ட்டும்

எமில் பெர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். அவருடைய தொடக்ககாலக் கருவிகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் இழுத்தது. 1896இல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் சுருள்வில் மோட்டார் ஒன்றை அமைத்துக் கொடுத்த பிறகே வேகம் சீரானது. கடின ரப்பரில் அச்சிட்ட ரெக்கார்டுகள் பரப்பு சமமாக அமையாமல் தொல்லை கொடுத்ததால், 1890களிலேயே அரக்குக் கலவைக்கு மாறினார்கள். இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் அரக்கு, கல்மாவையும் கரியையும் சேர்த்துப் பிடிக்கும் பசையாகப் பயன்பட்டது. உலகச் சந்தைக்கு அரக்கு பெருமளவில் போனது இந்தியாவிலிருந்துதான். கிராமபோன் கம்பெனியின் இந்திய ஆலை கல்கத்தாவின் சியால்தா பகுதியில் 1908இல் இயங்கத் தொடங்கியது.

அரக்குத் தட்டு கெட்டியானது, ஆனால் கைதவறினால் உடைந்துவிடும். அதில் கலந்த கல்மாவு எஃகு முள்ளைச் சில சுற்றுகளிலேயே தேய்த்து, வரிப்பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் புது முள் மாட்டியதற்கு இதுவே காரணம். முள்ளைத் தாங்கிய ஒலிப்பெட்டி 100 கிராமுக்கும் மேலான பாரத்தோடு ரெக்கார்டை அழுத்தியது. வெறும் உலோகத் தட்டின் மேல் வழவழப்பான ரெக்கார்டை வைத்தால், இந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் ரெக்கார்டு வழுக்கி நின்றுவிடும். கீழே தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே சுழல்தட்டின் மேல் கம்பளி ஃபெல்ட்டை ஒட்டினார்கள். ஃபெல்ட்டின் மயிர்ப் பரப்பு ரெக்கார்டைப் பிடித்துக்கொண்டது. ஆக, மேட்டின் முதல் வேலை பிடிமானம்தான்.

இரண்டாவது வேலை சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் ரெக்கார்டுகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே பாட்டு உண்டு. பின்பக்கத்தில் கீறல் விழுந்தாலும் கவலையில்லை. 1904இல் ஜெர்மனியின் ஓடியன் நிறுவனம் இரண்டு பக்கமும் பாடும் தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மேல்பக்கம் பாடும்போது கீழ்ப்பக்கத்தின் வரிகள் விரிப்பின் மேல் கிடந்தன. அன்றுமுதல் பிடித்துக்கொள்வதோடு கீழ்ப்பக்கத்தைக் காப்பதும் மேட்டின் பொறுப்பானது.

வினைல் வந்ததும் ரப்பர் வந்தது

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்பி ரெக்கார்டை அறிமுகப்படுத்தியது. அது நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் வினைல் தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பழைய அரக்கு ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் பாடிய இடத்தில் இதில் 20 நிமிடத்துக்கும் மேல் பாடியது. அடுத்த ஆண்டு ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. வரிப்பள்ளம் மிகக் குறுகியதாகி, முள்நுனியின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரானிலிருந்து 25 மைக்ரானுக்கு இறங்கியது. முள்ளின் பாரமும் சில கிராம்களாகக் குறைந்தது.

பாரம் குறைந்ததால் பிடிமானம் முன்போல் பெரிய சிக்கலாக இல்லை. வினைல் வேறு சிக்கல்களைக் கொண்டுவந்தது. அரக்கைவிட மென்மையான அதன் மேல் தூசியின் ஒரு துகள்கூடக் கீறல் போடும். மின்சாரத்தைக் கடத்தாத வினைலில் உரசலால் சேரும் நிலைமின்சாரம் வெளியேற வழியின்றித் தங்கி, அறையிலுள்ள தூசியை இழுக்கும். ஃபெல்ட்டின் மயிர்க்கால்களில் ஒளிந்திருந்த மணல்துகளை அரக்குத் தட்டு பொறுத்துக்கொண்டது, வினைல் பொறுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய வார்ப்பு ரப்பர் மேட் வீட்டுக் கருவிகளில் பரவலாயிற்று.

அந்த ரப்பர் மேட்டின் வட்ட வட்டமான மேடுகளும் பள்ளங்களும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. ரெக்கார்டு முழுவதும் ஒட்டாமல் மேடுகளில் மட்டும் தங்குவதால், இடையில் விழும் தூசி வரிகளில் அழுந்தாது. ரெக்கார்டின் லேபிள் பகுதி மற்ற இடத்தைவிடத் தடிப்பானது என்பதால், பல மேட்களின் நடுவில் அதற்கென்று ஒரு குழிவு விடப்பட்டது. ரெக்கார்டுகளை அடுக்கிவைத்துத் தானாக ஒன்றன்பின் ஒன்றாக விழச்செய்யும் ‘சேஞ்சர்’ கருவிகள் 1950களில் வீடுகளில் பெருகியிருந்தன. ஒன்றின் மேல் ஒன்று விழும்போது வரிகள் உரசாதிருக்க, ஆர்சிஏ தன் ரெக்கார்டுகளின் விளிம்பையும் லேபிள் பகுதியையும் சற்று உயர்த்தி அச்சிட்டது. அப்படிப்பட்ட ரெக்கார்டு சமதளமான மேட்டில் விளிம்பிலும் நடுவிலும் மட்டுமே தொட்டு நிற்கும். இடைப்பகுதி காற்றில்தான் இருக்கும்.

ஸ்டீரியோவும் அதிர்வும்

ஸ்டீரியோ ரெக்கார்டுகள் 1958இல் விற்பனைக்கு வந்தபோது மேட்டுக்கு மூன்றாவது வேலை வந்தது. மோனோ ரெக்கார்டில் ஒலி முள்ளின் பக்கவாட்டு அசைவில் பதிந்திருந்தது. மேலும் கீழுமான அசைவு கணக்கில் வராது. ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரு சுவர்களிலும் தனித்தனி ஒலி இருப்பதால் முள் எல்லாத் திசையிலும் அசைய வேண்டும். மோட்டாரிலும் தாங்குருளையிலும் எழும் செங்குத்து அதிர்வும் இப்போது முள் வழியே ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேர்ந்து உறுமலாகக் கேட்டது.

அக்காலத்தின் உயர்தரக் கருவிகள் பலவற்றில், பிரிட்டனின் ஸ்விண்டன் நகரில் 1950களில் உருவான கேரார்ட் 301 உட்பட, மோட்டாரின் விசையை ஒரு ரப்பர் சக்கரம் தட்டின் உள்விளிம்புக்குக் கடத்தியது. சுழல்விசை தாராளமாகக் கிடைத்தது. அதோடு அதிர்வும் வந்தது. கனமான ரப்பர் மேட் அதில் ஓரளவைத் தடுத்தது. 1961இல் எட்கர் வில்ச்சூரின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட கருவி வேறு வழியில் போயிற்று. மோட்டாரைத் தனியே நிறுத்தி, பெல்ட்டால் தட்டைச் சுழற்றி, தட்டையும் முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மையும் சுருள்விற்களில் மிதக்கவிட்டது. மோட்டாரின் உறுமலைத் தடுக்கும் வேலையைப் பெருமளவுக்குக் கருவியே எடுத்துக்கொண்டது.

அதன்பின் கவனம் ரெக்கார்டின் மேலேயே திரும்பியது. வரிப்பள்ளம் முள்ளை அசைக்கும்போது முள்ளும் வினைலை அசைக்கிறது. அந்த அதிர்வு ரெக்கார்டின் கனத்தினூடே கீழே இறங்கி, மேட்டில் பட்டு, ஒரு பங்கு திரும்பி முள்ளிடமே வருகிறது. வார்ப்பு அலுமினியச் சுழல்தட்டை மேட் இல்லாமல் விரல் மடக்கித் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். ரப்பரை விரித்துத் தட்டினால் மந்தமான ஓசைதான் வரும். இந்த அதிர்வை மென்மையான பொருளால் விழுங்கச் செய்வதா, கெட்டியான பொருளோடு இறுகப் பிணைத்துக் கீழே கடத்திவிடுவதா என்ற வாதத்தில் 1970களின் ஹை-ஃபை உலகம் இரண்டாகப் பிரிந்தது.

பிடியும் விடுதலையும்

இதே காலத்தில் இன்னொரு பக்கம் மேட்டிடம் நேர்மாறான வேலையைக் கேட்டார்கள். வானொலி அறிவிப்பாளருக்குப் பாட்டு சொன்ன நொடியில் தொடங்க வேண்டும். நின்ற தட்டு முழு வேகத்தை எட்டும்வரை ஒலி இழுபடும். ஸ்விட்சர்லாந்தின் தோரன்ஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட டிடி 124 கருவியில் கனத்த இரும்புத் தட்டு ஓடிக்கொண்டேயிருக்க, அதன் மேலிருந்த மெல்லிய அலுமினியத் தட்டை மட்டும் ஒரு நெம்புகோலால் தூக்கி நிறுத்த முடிந்தது. எளிய வழி ஒன்றும் நிலையங்களில் வழங்கியது. ஃபெல்ட் வட்டத்தைச் சுழல்தட்டின் மேல் இட்டு, ரெக்கார்டை விரலால் பிடித்துக்கொண்டு, நேரம் வந்ததும் விட்டுவிடுவார்கள். 1970ஐ ஒட்டி நியூயார்க்கின் நடன அரங்குகளில் ஃபிரான்சிஸ் கிராசோ இந்த உத்தியைக் கையாண்டு, ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்ததை இடைவெளியின்றி இணைத்தார்.

சில ஆண்டுகளில் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று பெயர்பெற்ற ஜோசப் சாட்லர், பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை இரண்டு ரெக்கார்டுகளைக் கொண்டு மாற்றி மாற்றி நீட்ட முயன்றார். ரெக்கார்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் ரப்பர் மேட் தட்டையும் சேர்த்து இழுத்தது. அவர் ஃபெல்ட் துணியை ரெக்கார்டு அளவுக்கு வெட்டிப் பார்த்தார். துணி தொய்வாக இருந்தது. தாய் தையல் வேலை தெரிந்தவர். வீட்டிலிருந்த கஞ்சித் தெளிப்பானால் துணியை விறைக்கச் செய்து இஸ்திரி போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். விறைத்த வட்டம் தட்டோடு சுழன்றது, ரெக்கார்டைக் கைக்கு விட்டுக்கொடுத்தது. இன்று டிஜேக்கள் ‘ஸ்லிப்மேட்’ என்று வாங்குவது இந்த வகை விரிப்பைத்தான். ஒட்டிக்கொள்வதற்காக வந்த ஃபெல்ட், வழுக்கிக்கொடுப்பதற்காகத் திரும்பி வந்தது. 100 கிராம் அழுத்தத்தில் பிடித்த அதே துணி, ஒருசில கிராம் அழுத்தத்தில் நழுவவிடுகிறது.

இதற்கு வலுவான மோட்டார் தேவைப்பட்டது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1970இல் எஸ்பி-10 கருவியில் மோட்டாரின் அச்சிலேயே தட்டைப் பொருத்தியது. அதே நிறுவனத்தின் டெக்னிக்ஸ் பெயரில் 1972இல் வந்த எஸ்எல்-1200, 1979இல் மேம்பட்ட எம்கே2 வடிவம் பெற்று டிஜே கருவிகளின் இலக்கணமாயிற்று. வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு ரப்பர் மேட்டும் அரங்கில் வாசிப்பவருக்கு ஸ்லிப்மேட்டும் என்று ஒரே கருவி இரண்டு விரிப்புகளுக்கு இடம் கொடுத்தது.

பொருள்களின் பெருக்கம்

1970களில் பிரிட்டனில் உருவான லின் எல்பி12, கண்ணாடித் தட்டு வைத்த ரீகா பிளானர் 3 ஆகிய டர்ன்டேபிள்கள் ஃபெல்ட் மேட்டோடு வந்தன. கம்பளியும் வினைலும் உரசும்போது எதிரெதிர் மின்னேற்றம் பெறுபவை. வறண்ட நாளில் ரெக்கார்டைத் தூக்கினால் மேட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு எழுவது ஃபெல்ட் வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்த தொல்லை. தக்கை, தோல் மேட்கள் சந்தையில் இடம்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

ஜப்பானில் கெட்டிப் பொருள் கட்சி வலுத்தது. மைக்ரோ செய்கி நிறுவனம் சியு-180 என்ற செம்பு மேட்டை விற்றது. அதன் எடை 1.8 கிலோ. வேறு சில நிறுவனங்கள் காற்றை உறிஞ்சி ரெக்கார்டைத் தட்டோடு இறுக்கிப் பிடிக்கும் அமைப்புகளைச் செய்தன. இன்னும் சிலர் வினைலுக்கு நெருங்கிய இயல்புள்ள அக்ரிலிக்கில் சுழல்தட்டையே வார்த்து, மேட் வேண்டாம் என்றார்கள்.

தேர்வின் அளவுகோல்கள்

இந்த வரலாற்றிலிருந்தே இன்றைய தேர்வுக்கான விதிகள் கிடைக்கின்றன. மணிபோல் ஒலிக்கும் மெல்லிய உலோகத் தட்டுக்கு ரப்பரோ தக்கை கலந்த ரப்பரோ பொருந்தும். அக்ரிலிக் தட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது. கண்ணாடித் தட்டுக்கு ஃபெல்ட்டோ, நிலைமின்சாரம் தொல்லையானால் தக்கையோ தோலோ போதும். ரெக்கார்டைக் கையால் நிறுத்தியும் திருப்பியும் வாசிப்பவருக்கு வழுக்கும் ஃபெல்ட்டைத் தவிர வேறு வழியில்லை.

கனமும் எடையும் தனியே பார்க்கவேண்டியவை. மேட்டின் கனம் மாறினால் முள் ரெக்கார்டைத் தொடும் கோணமும் மாறும். சுமார் 230 மில்லிமீட்டர் நீளமுள்ள டோன்ஆர்மில் 4 மில்லிமீட்டர் உயர்வு ஏறத்தாழ 1 பாகை மாற்றத்தைத் தரும். டோன்ஆர்மின் உயரத்தை மாற்ற வசதி இல்லாத கருவியில் பழைய மேட்டின் கனத்தையே வைத்துக்கொள்வது நல்லது. செம்பு போன்ற கனத்த மேட் சுருள்விற்களில் மிதக்கும் கருவியைத் தாழ்த்திவிடும். தாங்குருளையின் தேய்மானத்தையும் கூட்டும். இரும்புத் தட்டின் மேல் முள் பொருத்திய, வலுவான காந்தம் கொண்ட கார்ட்ரிட்ஜ் ஓடினால் காந்த ஈர்ப்பு முள்ளின் பாரத்தோடு சேர்ந்துகொள்ளும். அங்கே மெல்லிய மேட்டைவிடத் தடித்த மேட்டே பாதுகாப்பு.

டெக்னிக்ஸ் 2010இல் நிறுத்திய எஸ்எல்-1200 வரிசை, வினைல் விற்பனை மீண்டும் ஏறிய நிலையில் 2016இல் திரும்பி வந்தது. அதோடு மேட் சந்தையும் விரிந்து, கார்பன் இழை, கிராஃபைட், செயற்கை ரப்பர் வகைகள் எனப் புதுப் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. பிடிப்பது, காப்பது, அதிர்வை அடக்குவது, வேண்டும்போது விடுவது என்ற நான்கு வேலைகளில் தன் கருவிக்கு எது குறைகிறதோ, அதைச் செய்யும் மேட்டே ஒருவருக்கு ஏற்ற மேட்.