இருட்டறையும் ஊசித்துளையும்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்புப் பெட்டியில் துளையிட்டுச் செய்யும் ஊசித்துளை கேமராவை விளையாட்டுப் பொருள் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். அதன் பின்னே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நிற்கிறது. அவ்வரலாற்றின் ஓர் ஏடு நம் ஓசூரையும் ராயக்கோட்டையையும் தொட்டுச் செல்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1792 மார்ச் மாதத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மாவீரர் திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். பாராமஹால் எனப்பட்ட கிருஷ்ணகிரிச் சீமை கம்பெனியார் வசமாயிற்று. ஓசூரோ 1799 வரை மைசூருடனேயே இருந்தது. அந்த 1792ஆம் ஆண்டிலேயே தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டு, படைகள் சென்ற வழியே இப்பகுதிக்கு வந்தனர். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 படங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ வரிசையில் ஓசூரும் உண்டு, ராயக்கோட்டையும் உண்டு. ஓசூரின் பெயருக்கு அருகில் ‘மைசூரில்’ என்றும், ராயக்கோட்டையின் பெயருக்கு அருகில் ‘பாராமஹாலில்’ என்றும் குறித்திருக்கிறார்கள். இன்று நாம் பேருந்தில் கடந்துபோகும் அந்தச் சிறு தொலைவுக்குள் அன்று ஓர் அரசின் எல்லை நின்றது!

இந்தியப் பயணத்தில் இவ்விருவரும் கையாண்ட கருவிகளுள் ஒன்று ‘கேமரா அப்ஸ்குரா’ என்னும் இருட்டுப் பெட்டி. வெளியே உள்ள காட்சி வில்லை வழியாக உள்ளே விழும். விழுந்த உருவத்தின் மேல் பென்சிலை ஓட்டி வரைந்துகொள்ளலாம். வில்லையை எடுத்துவிட்டு ஊசித்துளை ஒன்றை வைத்தால், அதுதான் பிள்ளைகளின் அட்டைப் பெட்டி.

இக்கருவியின் தத்துவத்தைச் சோதனையால் ஆராய்ந்தவர்களில் தலையாயவர் அல்ஹஸன் இப்னுல் ஹைஸம். ஏறத்தாழ கி.பி. 965இல் பஸராவில் பிறந்து, 1040ஐ ஒட்டிக் கெய்ரோவில் மறைந்தவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று சொல்லி எகிப்துக்கு வந்தவர், நேரில் கண்டபின் அது இயலாது என உணர்ந்து, ஆட்சியாளர் அல்ஹாகிமின் சினத்துக்கு அஞ்சிப் பித்துப் பிடித்தவர்போல் நடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிற்காலத்தில் நூல்களைப் பிரதியெடுத்து விற்று வாழ்ந்தார் என்றும் கூறுவர். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ ஏழு பாகங்கள் கொண்டது. துளையுள்ள ஓர் இருட்டறையின் வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், எதிர்ச்சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறையும். ஒளிகள் ஒரே துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதை இவ்வளவு எளிய சோதனையால் நிறுவினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைஸம், கமரா என்பதே அரபுச் சொல்’ என்று மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அடிக்கடி கூறப்படுகிறது. இது சரியன்று. துளைவழி உருவம் தலைகீழாக விழுவதைச் சீனத்து மோசியின் வழியினர் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதி வைத்துள்ளனர். கிரேக்க நூல்களிலும் அதைப் பற்றிய குறிப்பு உண்டு. கேமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். ‘கேமரா அப்ஸ்குரா’ என்ற பெயரை 1604இல் கெப்ளர் வழங்கினார். முன்னோருக்கு இல்லாத புகழை நாம் இட்டுக்கட்டத் தேவையில்லை, உள்ள புகழே போதியது. அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பியருக்கு ஒளியியல் பாடநூலாக விளங்கியது. கெப்ளரும் அந்த வழியில் வந்தவரே.

கருவியைச் செய்வது கடினமன்று. பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தகரடப்பாவோ அட்டைப் பெட்டியோ எடுத்து உட்புறம் முழுதும் கறுப்பு பூச வேண்டும். முன்பக்கம் மெல்லிய உலோகத் தகடு ஒட்ட வேண்டும். நம் ஊர் லேத் பட்டறைகளில் இடைவெளி நிரப்பப் பயன்படும் ‘ஷிம்’ தகட்டின் துண்டு இதற்கு மிகப் பொருத்தம். அதில் மெல்லிய ஊசியால் 0.4 மில்லிமீட்டர் அளவில் துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், உருவம் மங்கும். மிகச் சிறிதானாலோ வெளிச்சம் குறைவதோடு, ஒளி விளிம்பில் விரிந்து அப்போதும் உருவம் மங்கும். பின்பக்கம் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, தலையைக் கறுப்புத் துணியால் மூடிப் பார்த்தால் தெருவும் மினாராவும் தலைகீழாகத் தெரியும். தாளுக்குப் பதிலாக, சிவப்பு விளக்கில் போட்டோக் காகிதத்தை வைத்து மூடி, வெயிலில் சில நிமிடம் துளையைத் திறந்தால் உருவம் பதியும்.

இவ்வாறு பதிந்த உருவம் மார்க்கம் தடுத்த உருவப்படமா என்ற கேள்வி எழுந்தபோது, 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, இது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் புதிதாக வடிப்பதன்று என்று கூறித் தனி நூலே எழுதினார். இதை ஏற்காத ஆலிம்களும் உண்டு. அந்த விவாதத்தை இங்கே விரிக்கவில்லை. ஆனால் இருட்டறையின் தத்துவத்தை அறியாமல் இரு தரப்பு வாதமும் விளங்காது.

இப்னுல் ஹைஸம் சூரிய கிரகணத்தின் வடிவம் பற்றியும் தனி நூல் எழுதியுள்ளார். துளை சிறிதாயின் மறைந்த சூரியன் பிறையாக விழுகிறது. துளை பெரிதாயின் வட்டமாகவே தெரிகிறது என்பதை அதில் கணக்கிட்டு விளக்குகிறார். 2019 டிசம்பர் 26 காலை கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் வளைய கிரகணமும், நம் பகுதியில் பகுதி கிரகணமும் நிகழ்ந்தன. அத்தகைய நேரங்களில் மர இலைகளின் இடைவெளியே ஊசித்துளையாகி, தரையெங்கும் பிறைகள் விழும். நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் பிடித்தது, கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் கணக்கிடுகிறார்கள். அம்மரணத்தால்தான் சூரியன் மறைந்தது என மக்கள் பேசியபோது, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று நபியவர்கள் விளக்கித் தொழுகையின்பால் அழைத்தார்கள். தம் துயரத்தின் நடுவிலும் அவர்கள் அந்தப் பேச்சை நிலைக்க விடவில்லை.

2027 ஆகஸ்ட் 2 அன்று மக்காவில் முழுச் சூரிய கிரகணம். தென்னிந்தியாவில் அது பிற்பகலில் பகுதி கிரகணமாகத் தெரியும். மக்தப் பிள்ளைகள் அதற்குள் ஆளுக்கொரு பெட்டி செய்துவிடலாம். துளை வழியாகச் சூரியனை நேரே பார்ப்பது கண்ணைக் கெடுக்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளையின் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்து பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் அந்தச் சூரியன் ஒன்பது மில்லிமீட்டர் அகலமே இருக்கும். ஆனால் பிறை தெளிவாகத் தெரியும்.